பழைய பிக்கப்பில் கியர் ஆயில் ஒழுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றி ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வு என்பதே கிடையாது. விடிவதற்கு முன்னால் மாட்டுத்தாவணிக்குப் பூ மூட்டை, அடுத்து பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி, மதியம் கப்பலூர் பக்கம் ஒரு லோடு, மறுநாள் சிறுமலை ஏற்றம். பத்து வருஷம் தாண்டிய போலேரோ பிக்கப்போ டாடா 207-ஓ அடியில் ஆயில் ஈரமே இல்லாமல் என் பட்டறைக்குள் வந்தது அபூர்வம். வண்டிக்காரர்கள் கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். ஆயில் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

"அண்ணே, காலையில வண்டிய எடுத்தா தரையில ஆயில் கிடக்கு. கியர் பாக்ஸ் ஆயில்தானா?"

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்துவிடுங்கள். முன் சக்கரம் அட்டைக்கு நேராக எங்கே வருகிறது என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் அட்டையை வெளியே இழுத்தால் எந்த இடத்துக்கு நேராகச் சொட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மண் தரையிலோ தார் ரோட்டிலோ நிறம் தெரியாது. அட்டையில் தெரியும்.

அடுத்து நிறத்தைப் பாருங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பு, தொட்டால் மை மாதிரி விரலில் ஏறும். நம் பக்கம் 90 ஆயில் என்று சொல்கிற கியர் ஆயில் தேன் நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓட்டியிருந்தால் அதுவும் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அப்போது கண்ணை விட்டுவிட்டு மூக்கை நம்புங்கள். பல்லுக்குப் பல் உரசும் இடத்தில் அழுத்தம் தாங்குவதற்காகக் கியர் ஆயிலில் கந்தகம் சேர்ந்த கெமிக்கல் கலந்திருக்கும். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவருக்கு ஆயுசுக்கும் மறக்காது. இன்ஜின் ஆயிலில் அந்த வாடை வராது.

கிளட்ச் சிலிண்டருக்கு நேர் கீழே தண்ணீர் மாதிரி மெல்லிசாகச் சொட்டி, பக்கத்தில் பெயின்டும் உரிந்திருந்தால் அது கிளட்ச்சுக்கும் ஊற்றும் பிரேக் ஆயில். பச்சையாகவோ ரோஸாகவோ, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். ஏசி வண்டியில் வெறும் தண்ணீர் சொட்டினால் கவலையே வேண்டாம். சிவப்பாக வழிந்தால் அது தனிக் கதை, கீழே சொல்கிறேன்.

"அடி முழுக்க ஆயிலும் மண்ணும் அப்பிக் கிடக்கு. எங்கருந்து வருதுன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. பலரும் பணத்தைத் தொலைப்பது இங்கேதான்.

வண்டி ஓடும்போது கீழே அடிக்கும் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். வண்டி நின்றதும் அது கீழே இறங்கும். அதனால் இன்ஜினின் மேல் மூடிப் பேக்கிங்கில் கசிகிற ஆயில், இன்ஜின் முதுகு வழியாக இறங்கி, இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கை நனைத்து, கியர் பாக்ஸ் அடியில் வந்து சொட்டும். பார்க்கிறவர் கியர் பாக்ஸ் சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றையும் விட மேலேயும் முன்னாலேயும் இருக்கிறதோ, அங்கேதான் ஊற்றுக்கண் இருக்கும். வைகையில் தண்ணீர் வருகிறது என்றால் மேற்கே தேட வேண்டும், விரகனூரில் தேடிப் பயனில்லை.

ஆனால் அப்பிக் கிடக்கும் அழுக்கோடு எதுவும் தெரியாது. முதலில் கழுவ வேண்டும். ஸ்குரூ டிரைவரால் கட்டிச் சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிரஷ்ஷால் டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டுத் தேய்த்து, வேஸ்ட் துணியால் துடைத்து, காய விடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்தாலும் சரி, ஆனால் கியர் பாக்ஸ் மேலே இருக்கும் பிரீத்தர் என்ற மூச்சுக்குழலுக்கு நேராகத் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம், உள்ளே போய்விடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து, சந்தேகப்படும் இடங்களில் எல்லாம் லேசாகத் தூவுங்கள். பெல் ஹவுசிங் சேரும் இடம், கியர் பாக்ஸ் மேல் மூடி, பின் வால் பகுதி, ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம், ஆயிலை இறக்கும் டிரெயின் பிளக் எதையும் விடாதீர்கள். பிறகு பத்து பதினைந்து கிலோமீட்டர், ஆயில் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். வீட்டு வாசலில் சும்மா ஆன் செய்து நிறுத்தினால் போதாது. சூட்டில்தான் ஆயில் இளகும், ஷாஃப்ட் சுற்றினால்தான் சீலின் குறை வெளியே வரும்.

போன மாதம் சோழவந்தானில் இருந்து வாழைத்தார் ஏற்றும் ஒரு வண்டி வந்தது. பின் சீல் மாற்ற வேண்டும் என்று தீர்மானமாகவே வந்திருந்தார், கையில் புது சீலும் இருந்தது. கழுவி, பவுடர் தூவி, வாடிப்பட்டி வரை ஓட்டிவிட்டு வந்து டார்ச்சோடு அடியில் படுத்தேன். பின் சீலைச் சுற்றிப் பவுடர் பூசின மாதிரியே வெள்ளையாக இருந்தது. அதற்கு ஒரு சாண் முன்னால், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் மூக்கில் இருந்து நூல் மொத்தத்துக்கு ஒரு மஞ்சள் கோடு கிளம்பி, பவுடரை நனைத்துக்கொண்டு, சரிவில் வளைந்து, வால் மூடியின் போல்ட்டில் வந்து ஒரு சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்து முகர்ந்தேன், 90 ஆயில்தான். உள்ளே இருந்த ஓ-ரிங் காய்ந்து சருகாகி இரண்டாக உடைந்திருந்தது. அந்தச் சின்ன ரப்பர் வளையம் மாற்றியதோடு வேலை முடிந்தது. புது சீலைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு ஸ்டாண்டு வைத்து, கையால் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். பட்டறை பிட் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

"கியர் பாக்ஸ்ல எந்தெந்த இடத்துலண்ணே ஒழுகும்?"

அதிகம் பார்ப்பது வால் சீல். கியர் பாக்ஸில் இருந்து பின் சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் இருக்கும் பெரிய வட்ட சீல் அது. இது போனால் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தில் ஆயில் சிதறும். பாடியின் அடித்தகடு, சைலன்சர் குழாய் எல்லாவற்றிலும் வரிவரியாகத் தெறித்திருக்கும். அந்தத் தெறிப்பே அடையாளம்.

அடுத்தது நான் மேலே சொன்ன ஸ்பீடோமீட்டர் ஓ-ரிங். புது மாடல்களில் கேபிளுக்குப் பதில் சென்சார் இருக்கும், அதற்கும் ஓ-ரிங் உண்டு. ரிவர்ஸ் லைட் சுவிட்சின் வாஷர், கியர் ராடு நுழையும் சீல், மேல் மூடிப் பேக்கிங் ஆகியவையும் கசியும், ஆனால் மெதுவாக. டிரெயின் பிளக்கில் ஒழுகினால் பெரும்பாலும் பழைய காப்பர் வாஷரையே திருப்பிப் போட்டிருப்பார்கள். அல்லது இழுத்து முறுக்கி மரையைக் கெடுத்திருப்பார்கள். மரை போயிருந்தால் டெஃப்ளான் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். பிளக் எந்த மேட்டிலாவது கழன்று விழுந்தால் மொத்த ஆயிலும் ரோட்டில்.

ஃபோர் வீல் வண்டியாக இருந்தால் முன் சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்துகொள்ளும். அதற்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் சீல் போனால் வெளியே ஒரு சொட்டும் விழாது. ஒன்றில் ஆயில் குறையும், மற்றதில் ஏறும். ஒன்று குறைகிறது, கீழே மட்டும் ஒன்றும் இல்லை என்றால் இரண்டின் லெவலையும் சேர்த்துப் பாருங்கள்.

"சீல் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆச்சு, மறுபடியும் ஒழுகுது. டூப்ளிகேட் சீல் போட்டுட்டாங்களா?"

இருக்கலாம். ஆனால் சீலைக் குறை சொல்வதற்கு முன்னால், பழைய சீல் ஏன் செத்தது என்று யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்காமல் புதிது போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

முதலில் பிரீத்தர். கியர் பாக்ஸ் ஓட ஓட சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற ஒரு சின்ன மூச்சுக்குழல் மேலே வைத்திருப்பார்கள். நம் செம்மண் ரோட்டில், மழையில் சேறு அப்பி அது அடைத்துக்கொண்டால் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். உசிலம்பட்டிப் பக்கத்து வண்டி ஒன்று, வேறு ஒரு பட்டறையில் இரண்டு தடவை வால் சீல் மாற்றிவிட்டு என்னிடம் வந்தது. மாற்றியவர் கை சுத்தம்தான், சீலும் கம்பெனி சீல்தான். பிரீத்தரைக் கழற்றினால் குளவி கூடு கட்டின மாதிரி மண் இறுகிப்போய் இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி விட்டுக் குத்தி, காற்று அடித்து மாட்டினேன். இரண்டாவது சீலின் உதடு நல்லபடியாகவே இருந்ததால் அதையே விட்டுவிட்டேன். அதோடு ஒழுக்கு நின்றது. அந்த வண்டிக்காரர் அந்த இரண்டு சீலுக்கும் இரண்டு நாள் வாடகையை இழந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது. பிரீத்தரைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

இரண்டாவது, ஷாஃப்ட் ஆட்டம். வண்டியைச் சமதளத்தில் கட்டை கொடுத்து நியூட்ரலில் வைத்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கியர் பாக்ஸ் பக்கத்தில் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். வால் பகுதிக்குள் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் கையிலேயே ஆட்டம் தெரியும். ஆடுகிற ஷாஃப்ட்டை எந்த சீலும் பிடிக்காது. ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ் தேய்ந்து அதிர்வு வந்தாலும் புஷ்ஷும் சீலும் சேர்ந்தே கெடும். ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே கதி. ஓட்டும்போது 50-60 வேகத்தில் தரையில் ஒரு உதறல் வருகிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் சீலுக்கு வாருங்கள்.

மூன்றாவது, யோக்கில், அதாவது சீலுக்குள் நுழையும் ஷாஃப்ட் முனையில், விழுந்த பள்ளம். வருஷக்கணக்கில் சீல் உதடு ஒரே இடத்தில் உரசி உரசி, இரும்பிலேயே வளையமாக ஒரு கோடு விழுந்திருக்கும். நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் புது சீல் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து கசியத்தான் செய்யும். யோக்கை மாற்றலாம். அல்லது மேலே மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் அடிக்கலாம். ஹவுசிங்கில் இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார வைத்து, உதடு புது இடத்தில் படும்படி செய்வதும் ஒரு வழி.

கடைசியாகக் கை வேலை. சீலைச் சுத்தியலால் ஒரு ஓரத்தில் மட்டும் அடித்து இறக்கினால் சாய்ந்து உட்காரும். சரியான அளவுக் குழாயோ பழைய பேரிங் வளையமோ வைத்துச் சுற்றிலும் ஒரே மாதிரி இறக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் மாட்டினால் முதல் சுற்றிலேயே கருகும். உதட்டின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் நழுவினாலும் கெட்டது.

"பெல் ஹவுசிங் அடியில சொட்டுது. இன்ஜின் சீலா, கியர் பாக்ஸ் சீலா?"

இரண்டுமே அங்கே வந்துதான் சொட்டும். இன்ஜினின் பின் கிராங்க் சீல் போனால் கறுப்பு ஆயில், கியர் பாக்ஸின் முன் சீல் போனால் நாற்றமடிக்கும் 90 ஆயில். பெல் ஹவுசிங் அடியில் பல வண்டிகளில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் கம்பியில் வேஸ்ட் துணி சுற்றி விட்டு எடுத்து முகர்ந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் மேலே சொன்னபடி, இன்ஜின் மேல் மூடிப் பேக்கிங்கில் இருந்து ஆயில் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கியர் பாக்ஸை இறக்கச் சொல்ல வேண்டும். மேல் மூடி வேலை அரைநாளில் முடியும். கியர் பாக்ஸ் இறக்குவது பெரிய வேலை.

இந்த ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவில் முழு லோடோடு ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல், கருகின வாடை வந்தால் அப்படியே ஓரங்கட்டுங்கள்.

எப்படியும் கியர் பாக்ஸை இறக்கிவிட்டீர்கள் என்றால் முன் சீல், கிராங்க் பின் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே கையோடு மாற்றிவிடுங்கள். பொருள் விலையை விட இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம். மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை இறக்கும் நிலை வரக் கூடாது. ஆயில் குடித்த கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவித் திருப்பி மாட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். உள்ளே ஊறின ஆயில் சூட்டில் மறுபடியும் வெளியே வரும்.

"என்னோடது சாதா கியர் வண்டிதான். ஆனா சிவப்பா ஆயில் சொட்டுது, எப்படி?"

பவர் ஸ்டியரிங். பல வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு ஊற்றுவது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் அதே வகை ஏ.டி.எஃப். ஆயில்தான். மற்ற ஆயிலோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே அதற்குச் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். ஸ்டியரிங் பம்ப், ஹோஸ் கிளிப், ஸ்டியரிங் பாக்ஸின் அடி சீல் மூன்றையும் பாருங்கள். ஹோஸ் வெடித்திருந்தால் இன்ஜின் ஓடும்போது ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கசிவது தெரியும். அழுத்தத்தில் பீறிடும், கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

"ஆட்டோமேட்டிக் பிக்கப் வச்சிருக்கேன். அதுக்கும் இதே முறைதானா?"

தேடும் முறை அதேதான்: கழுவு, காய வை, தூவு, ஓட்டு, மேலேயும் முன்னாலேயும் பார். ஆனால் கசியும் இடங்கள் வேறு. நம் ஊரில் ஆட்டோமேட்டிக் பிக்கப் குறைவு. இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸில் 2019-ல் ஆட்டோமேட்டிக் வந்தது, அந்த முதல் வண்டிகளுக்கு இப்போது வயது ஏறிக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் கீழே சொல்வது பொது.

அடியில் ஆயில் தேங்கி நிற்கும் அகலமான தட்டு, அதாவது பானின் பேக்கிங்கில் கசிவது ரொம்ப சாதாரணம். ஒழுகுகிறதே என்று போல்ட்டைப் பலம்கொண்ட மட்டும் முறுக்குகிறவர்கள் உண்டு. பான் மெல்லிய தகடாக இருந்தால் போல்ட் இடத்தில் குழிந்து, நடுவில் தூக்கிக்கொண்டு, இன்னும் அதிகமாக ஒழுகும். பானைக் கழற்றி, விளிம்பைச் சமமாகத் தட்டி, புதுப் பேக்கிங் போட்டு, கம்பெனி சொன்ன டார்க்கில், அதாவது சொன்ன முறுக்கு அளவில், மாறி மாறி முறுக்க வேண்டும்.

கூலர் பைப்புகளை மறக்காதீர்கள். கியர் ஆயிலைக் குளிர்விக்க முன்னால் ரேடியேட்டர் பக்கம் இரண்டு பைப்புகள் போகும். அவை கிளாம்பில் உரசித் தேய்ந்தோ, ரப்பர் பகுதி வெடித்தோ கசியும், காற்று அதைப் பின்னால் கொண்டுபோய்க் கியர் பாக்ஸ் முழுக்கப் பூசிவிடும். கியர் பாக்ஸே போய்விட்டது என்று பயந்து வருகிறவர்களுக்கு முதலில் நான் பார்ப்பது இந்தப் பைப்பைத்தான்.

பெல் ஹவுசிங்கில் சிவப்பு ஆயில் சொட்டினால் கிளட்ச்சுக்குப் பதிலாக ஆட்டோமேட்டிக்கில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் நுழையும் பம்ப் சீல். வண்டி இரண்டு மூன்று நாள் நின்ற பிறகு மட்டும் சொட்டினால் வேறு ஒன்றையும் யோசியுங்கள். கன்வர்ட்டருக்குள் இருந்த ஆயில் மெதுவாகப் பானுக்கு இறங்கி லெவல் ஏறியிருக்கும், ஓடும்போது ஆயிலுக்கு மேலே இருக்கும் சீல் அப்போது ஆயிலுக்குள் முழுகிவிடும். தினமும் ஓட்டினால் சொட்டாது, பொங்கல் லீவு முடிந்து வந்து பார்த்தால் சொட்டியிருக்கும். டிப்ஸ்டிக் குழாயின் அடி ஓ-ரிங், வயர் கனெக்டர் ஓ-ரிங், கியர் லிவர் ஷாஃப்ட் சீல் ஆகியவையும் பார்க்க வேண்டியவை.

டிப்ஸ்டிக் இருக்கும் வண்டியில் பெரும்பாலும் லெவல் பார்க்கும் முறை இது: சமதளம், ஆயில் சூடாக இருக்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லா கியருக்கும் ஒரு தடவை போய்விட்டு பார்க்கிங்குக்கு வந்து பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் தப்பான அளவு காட்டும். டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பிளக்கைத் திறந்து பார்ப்பார்கள், ஸ்கேனர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள். ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். கருகின வாடையும் பழுப்பு நிறமும் இருந்தால் ஒழுக்கை நிறுத்துவதோடு உள்ளே கிளட்ச் பேக்கையும் சோதிக்க வேண்டும். ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். டோ பண்ணிக் கொண்டுபோங்கள், அதுவும் வண்டியை இழுக்கும் சக்கரங்கள் தரையில் உருளாதபடி தூக்கி வைத்து.

"லேசாத்தான் ஈரம் இருக்கு. அப்படியே ஓட்டலாமா?"

விரலால் தொட்டால் ஈரம் இருக்கிறது, தரையில் சொட்டவில்லை என்றால் பதற வேண்டாம். மாதம் ஒரு தடவை லெவல் பாருங்கள். அட்டையில் தினமும் ஐந்தாறு சொட்டு விழுகிறது என்றால் வாரம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, வேலைக்கு நாள் குறியுங்கள். கோடு கட்டி ஒழுகினால் லோடு ஏற்றாதீர்கள்.

சாதா கியர் பாக்ஸில் லெவல் பார்ப்பது எளிது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே மடக்கிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஓட்டையின் கீழ் உதடு வரை ஆயில் நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி அதிகமாக ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உபரி ஆயிலே நுரைத்துப் பிரீத்தர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியே வந்து, இல்லாத ஒழுக்கை உண்டாக்கும்.

ஆயில் இல்லாமல் ஓடிய கியர் பாக்ஸ் முதலில் ஒரு முனகல் சத்தம் கொடுக்கும், அப்புறம் கியர் கடினமாக விழும், கடைசியில் பேரிங் பிடித்துக்கொள்ளும். அந்த முனகலைக் கேட்டுவிட்டு "இந்த ஒரு லோடு மட்டும்" என்று மேலூர் வரை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சீலில் முடிய வேண்டியது பேரிங், ஷாஃப்ட், கியர் என்று போய், வண்டி பத்து நாள் படுத்துவிட்டது. டியூ கட்ட வேண்டிய வண்டி அது.

"எந்த ஆயில் ஊத்தணும்? கடையில கெட்டியா இருக்கிறதப் போட்டா ஒழுகாதுன்னு சொல்றாங்களே?"

வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். பல பிக்கப்புகளுக்கு 80டபிள்யூ-90. ஆனால் அதிலேயே ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று இரண்டு தரம் உண்டு. ஜி.எல்.-5-ல் கந்தகக் கெமிக்கல் அதிகம், பின் சக்கரங்களுக்கு நடுவில் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்துக்கு அது தேவை. கியர் பாக்ஸில் கியரை உரசாமல் விழ வைக்கும் பித்தளை சின்க்ரோ வளையம் இருந்து புத்தகம் ஜி.எல்.-4 கேட்டால், ஜி.எல்.-5 ஊற்றினால் அந்தப் பித்தளையை மெல்ல அரிக்கும், கியர் உரசி விழ ஆரம்பிக்கும். கெட்டி ஆயில் கொஞ்ச நாள் ஒழுக்கை மறைக்கும். அதிகாலைக் குளிரில் கியர் விழாது, அவ்வளவுதான் லாபம். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பது ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும். புஷ் ஆடுவதையோ பிரீத்தர் அடைத்ததையோ அது சரிசெய்யாது. ஆட்டோமேட்டிக்கில் அதை ஊற்றவே வேண்டாம்.

ஆயிலை இறக்கும்போது டிரெயின் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம். மஞ்சளாக மினுக்கினால் சின்க்ரோ தேய்கிறது, ஆனால் பித்தளை காந்தத்தில் ஒட்டாது, பாத்திரத்தில் இறங்கின ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அரிசி மொத்தத்துக்கு இரும்புத் துண்டு கிடைத்தால் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதுதான். இறக்கின ஆயிலைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள். கேனில் சேர்த்துவைத்துப் பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் கொடுங்கள்.

"எஃப்.சி. வருது. வெளிய துடைச்சிட்டுப் போனாப் போதுமா?"

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி., அதாவது வண்டித் தகுதிச் சான்று, வருஷா வருஷம். துடைத்துவிட்டுப் போனால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் எப்படியும் கழுவத்தானே போகிறீர்கள்? கழுவின கையோடு பவுடரையும் தூவி, எஃப்.சி.க்கு ஒரு வாரம் முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள். ஒழுக்கின் இடமும் தெரிந்துவிடும், சரிசெய்ய நாளும் இருக்கும். பின் ஹவுசிங்கில் ஆக்ஸில் சீல் கசிந்து சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்திருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆயில் பிரேக் லைனரை நனைக்கும்.

"பட்டறைக்கு வரும்போது என்ன சொன்னா வேலை சீக்கிரம் முடியும்?"

அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை நாளில் எவ்வளவு ஆயில் ஊற்றினீர்கள், கடைசியாக எப்போது மாற்றினீர்கள், ஒழுக்கு லோடோடு போய் வந்த பிறகா, சும்மா நின்றபோதா, எந்தக் கியரில் சத்தம், யார் எந்த சீல் எப்போது மாற்றினார்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் சூடாகவே, நேராக ஓட்டிவிட்டு வாருங்கள், வழியில் டீக்கு நிறுத்தினால்கூட ஆயில் கீழே இறங்கித் தடயம் கலைந்துவிடும். வரும் வழியில் வாட்டர் சர்வீஸ் மட்டும் செய்துவிட்டு வராதீர்கள். கழுவுவதற்கு முன்னால் அந்த அழுக்கு எப்படிப் படிந்திருக்கிறது என்று ஒரு தடவை நான் பார்க்க வேண்டும்.